டைகர் யார் வீட்டு நாய்?

விடியற்காலை நாலே முக்கால். ஆட்டுக் கொட்டாய் பக்கமிருந்து அம்மா போட்ட கூச்சலில், லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். கீற்றுத் தட்டியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே, போன மாசம் போட்ட இரண்டு குட்டிகளும் கிடந்தன. தாய் ஆடு நின்றுகொண்டிருந்தது. மடி கிழிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கத்தக்கூட இல்லை, ஸார். அப்படியே சுவரைப் பார்த்து நின்றது. அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வேலியைத் தாண்டி ஓடிய மூன்று நாய்களையும் நான் பார்த்தேன். முதலில் போனது டைகர். அடுத்தது மணி. மூன்றாவதற்குப் பெயர் கிடையாது. மற்ற இரண்டும் போகிற இடத்துக்கெல்லாம் போகும். (நம்ம ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பாரே, அதே ஜாதி.)

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் இருக்கிறது. எனக்கு வேலை விழுப்புரத்தில். எனக்குச் சம்பளம் பேங்க்கில் வரும். அம்மாவுக்கு பேங்க் இந்த ஆடுகள்தான். அக்கா கல்யாணத்துக்கு ஒரு பவுன் குறைந்தபோது நாலு ஆட்டை செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போய்ச் சமாளித்த குடும்பம் இது. பக்ரீத்துக்கு என்று வளர்ந்துகொண்டிருந்த குட்டிகள் போனது என்றால், ஃபிக்ஸட் டெபாசிட்டை நாய் தின்றுவிட்டது என்று அர்த்தம்.

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். ரத்த சொந்தம் இல்லை, ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "அது என் நாய் இல்லையே தம்பி. தெரு நாய். ஏதோ பாவம்னு ஒரு வாய் சோறு போடுறேன். அதுக்காக என் நாயாயிடுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போன வருஷம் மோட்டார் திருட வந்தவனை இதே டைகர் விரட்டியபோது, "நம்ம டைகர்! நம்ம டைகர்!" என்று டீக்கடையில் ஒரு வாரம் கதை சொன்னவர் இவர். திருடனை விரட்டினால் நம்ம டைகர். ஆட்டைக் கடித்தால் தெரு நாய்!

கிராமத்தில் இருக்கிற பாதி நாய்கள் இந்த ரகம்தான். ராத்திரி காவலுக்கு ஒரு வீட்டு நாய், பகலில் ஊர் நாய், கடித்தபிறகு அனாதை நாய். கழுத்தில் பட்டை கிடையாது. ஊசி கிடையாது. குடும்பக் கட்டுப்பாடு கிடையவே கிடையாது.

அன்றைக்கு ரயிலில் எங்கள் கோஷ்டியிடம் சொன்னேன். மயிலம் தாண்டுவதற்குள் ஆலோசனைகள் குவிந்துவிட்டன. ஒருவன், "வடையில பூச்சி மருந்தை வச்சுப் போட்றா, காலைல எல்லாம் சரியாப் போயிடும்" என்றான். இன்னொருவன், "செத்த குட்டியைக் கொண்டுபோய் அந்தாளு வாசல்ல போட்டுட்டு வா" என்றான். பேரணி ஸ்டேஷனில் ஏறியவன் முழுக் கதையும் கேட்காமலே, "ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றான். அவனுக்கு எல்லாப் பிரச்னைக்கும் இரண்டு பேர்தான் தீர்வு.

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஹெட் கிளார்க் மட்டும் பேப்பரை மடித்தார். ரிட்டையராக இரண்டு வருஷம் இருக்கிறது. ரூல் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று ஆபீஸில் பேச்சு.

"வடை வைக்கப் போறவர் யாரு? எழுந்து நில்லுங்க" என்றார். யாரும் நிற்கவில்லை.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மிருகத்தைக் கொன்றால் அது எத்தனை ரூபாய் பெறும் என்று ஒரு கணக்கு இருந்தது. பத்து ரூபாய் பெறுகிற மிருகம் என்றால் இரண்டு வருஷம் வரை. ஐம்பது ரூபாய் பெறுகிற மிருகம் என்றால் ஐந்து வருஷம் வரை. 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்ததும் அந்த ரூபாய்க் கணக்கே போய்விட்டது. அதன் 325-ஆம் பிரிவுப்படி எந்த மிருகத்தையும் கெட்ட எண்ணத்தோடு கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

"சரி ஸார், அந்த நாயை அவுத்து விட்டவருக்கு?"

"291-ஆம் பிரிவு. தன் வசம் இருக்கிற மிருகத்தால ஆபத்து வரும்னு தெரிஞ்சும் கட்டி வைக்காம அசட்டையா விட்டா ஆறு மாசம் வரை, இல்லாட்டி 5,000 ரூபா வரை அபராதம், இல்லாட்டி ரெண்டும். பழைய சட்டத்துல 289. அப்போ அபராதம் ஆயிரம்தான்."

"சூப்பர் ஸார்! இன்னிக்கே கம்ப்ளெயின்ட் குடுத்துடறேன்."

"அவசரப்படாதே. அந்தப் பிரிவை ஒரு வார்த்தை விடாம படி. மனுஷ உயிருக்கு ஆபத்து, மனுஷனுக்குக் கொடுங்காயம். ஆட்டைப் பத்தி அதுல ஒரு எழுத்து கிடையாது."

விக்கிரவாண்டி வந்துவிட்டது. ஒருத்தரும் பேசவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாய்க்கு நான் வடை வைத்தால் ஐந்து வருஷம். நாய் என் ஆட்டைத் தின்றால், அதை அவிழ்த்து விட்டவருக்கு கிரிமினல் சட்டத்தில் நேரடியாக ஒரு பிரிவுகூட இல்லை. நஷ்ட ஈடு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். இரண்டு குட்டிக்கு வக்கீல் ஃபீஸ் கட்ட மிச்சமுள்ள ஆடுகளையும் விற்க வேண்டும். கன்றுக்குட்டிக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைப் படித்து வளர்ந்த ஊர், ஸார் இது!

இங்கிலாந்தில் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். அங்கே ஆட்டு மந்தையை நாய் துரத்தினாலே நாய்க்காரர்மேல் கேஸ் போடலாம் என்று 1953-லேயே ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். 1971-ல் வந்த இன்னொரு சட்டம், வேறு வழியே இல்லாதபோது மந்தையைக் கடிக்கிற நாயைச் சுட்டுவிட்டு 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொன்னால் விவசாயிமேல் சிவில் வழக்கு நிற்காது என்கிறது. நம்ம ஊரில் அது செல்லுபடியாகாது. துப்பாக்கி இல்லாததும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் போனது இரண்டு குட்டி. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் நம்ம கதை ஒன்றுமே இல்லை என்பார்கள். அங்கே கொறங்காடு என்று ஒரு ஏற்பாடு. கிளுவை முள்வேலி போட்டு மேய்ச்சல் காட்டை அடைத்து, ஆடு மாடுகளை ராத்திரியும் அங்கேயே விட்டுவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வேலி போதுமானதாக இருந்தது. சமீப வருஷங்களில் கூட்டமாக வருகிற நாய்கள் பட்டிக்குள் புகுந்து, ஒரே ராத்திரியில் பத்து, இருபது என்று கடித்துப் போட ஆரம்பித்தன. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். கடைசியில், தெரு நாய்கள் கடித்து இறந்த கால்நடைகளுக்கு இழப்பீடு தருவதாக 2025-ல் தமிழக அரசு அறிவித்தது.

நன்றாகக் கவனியுங்கள்: தெரு நாய்கள் கடித்து! இந்த ஒரு வார்த்தை பின்னால் எங்கள் கதையில் வரப்போகிறது.

பசிக்குத்தானே கடிக்கிறது என்று நினைப்போம். அப்படி இல்லை. வாசலில் வாலாட்டுகிற சாது நாய்கூட நாலு நாயோடு சேர்ந்துவிட்டால் வேறு பிறவி. ஆடு ஓடும், ஓடுகிறதைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது. ஒன்றைக் கடித்ததும் மற்றவை மிரண்டு ஓடும், ஓடுவதையெல்லாம் கடிக்கும். தின்பது கொஞ்சம், கிழிப்பது நிறைய. பட்டிக்குள் கடிபடாமலே நெரிசலில் மூச்சு முட்டிச் செத்த ஆடுகளும் உண்டு. சினை ஆடு மிரண்டால் கரு கலைந்துவிடும்.

இத்தனை நாய் எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு வந்து பாருங்கள். சாயங்காலம் ஆனால் கறிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக வந்து விழுகிறது. கோழிக் குடல் தின்று ருசி கண்ட நாய், கொட்டாயில் இருக்கிற கோழியை மட்டும் மரியாதையாக விட்டுவிடுமா?

அப்புறம் கழுகு. எங்கள் தாத்தா காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து சுத்தமாக முடித்துவிட்டுப் போகும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து, அந்தப் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் ஆரம்பித்து, இந்தியாவில் மூன்று வகைக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று தடை வந்தது. அதற்குள் பந்தியில் கழுகின் இலைக்கு நாய் வந்து உட்கார்ந்துவிட்டது.

முன்பெல்லாம் முனிசிபாலிட்டி நாய் வண்டி வரும். கம்பிச் சுருக்கோடு ஆட்கள் இறங்குவார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். 2001-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளோடு அந்தக் கதை முடிந்தது. அதை மாற்றி எழுதிய 2023 விதிகளும் அதையேதான் சொல்கின்றன: தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடவேண்டும். 2025-ல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் நாய் விவகாரம் போனது ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள்; ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி, ஊசி போட்டுத் திருப்பி விடலாம், வெறிநாயையும் முரட்டு நாயையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள்; நவம்பர் 7-ல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகங்களில் இருந்து பிடிப்பதைத் திரும்ப அங்கே விடாதே என்றார்கள். ஆட்டுக் கொட்டாய் அந்தப் பட்டியலில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு வருவோம். கால்நடை டாக்டர் மடியில் தையல் போட்டார். ஆட்டுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடிபட்ட நாள், 3, 7, 14, 28-ஆம் நாள் என்று ஐந்து ஊசி. செத்த குட்டிகளைப் புதைக்கிறதுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கச் சொன்னவர் ஹெட் கிளார்க். போட்டோவும் எடுத்து வைத்தேன். "காகிதம் இல்லாத ஆடு, செத்தாலும் சாகாத ஆடுதான்" என்பார் அவர்.

அம்மா பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தினார். பதினொரு நாள் இப்படிப் போனது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், கோடை லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், ஆறு வயசு, பந்து எடுக்க வேலிப் பக்கம் போனான். மணி கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சின்னக் காயம்தான், ஆனால் ரத்தம் வந்துவிட்டது. பக்கத்துத் தெரு அம்மாள் மிளகாய்த்தூளோடு ஓடிவந்தார். இன்னொருவர் சுண்ணாம்பு என்றார். ஒரு தாத்தா, மந்திரிக்கிற ஆள் விலாசம் சொன்னார்.

ஒன்றும் வேண்டாம், ஸார். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாகக் கால் மணி நேரம் கழுவவேண்டும். பையன் வீறிட்டு அழுதான். அக்கா என்னைத் திட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினேன். வெறிநோய்க் கிருமி சோப்புக்குப் பயப்படும்.  நோயின் அறிகுறி வெளியே வந்துவிட்டால் பிழைக்கிறவர்கள் அநேகமாக இல்லை. தமிழ்நாட்டில் 2024-ஆம் வருஷம் மட்டும் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் நாய்க்கடிகள் பதிவாகியிருக்கின்றன. நாற்பது பேருக்கு மேல் வெறிநோயில் இறந்திருக்கிறார்கள்.

பைக்கில் தூக்கிப் போட்டுக்கொண்டு திண்டிவனம் பெரியாஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசிக்குக் காசு கிடையாது. தோலுக்குள் போடுகிற முறையில் நாலு தடவை: கடிபட்ட அன்றைக்கு, 3, 7, 28-ஆம் நாள். சதையில் போட்டால் 14-ஆம் நாளையும் சேர்த்து ஐந்து. ரத்தம் வருகிற காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு மருந்தும் போடவேண்டும். கேட்டு வாங்குங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம்மைப் பயமுறுத்தி வளர்த்தார்களே, அது பொய் இல்லை. 1911-ல் கசௌலியில் செம்பிள் என்கிற வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடித்த மருந்து அது. எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? ஆட்டு மூளையிலிருந்து! நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் ஆரம்பித்தது. அங்கேயும் பல காலம் ஆட்டு மூளை மருந்துதான். 2004-ஓடு அந்த மருந்தை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். ஆக, நாய் கடித்தாலும் செத்தது ஆடு, மனுஷனைக் காப்பாற்றவும் செத்தது ஆடு. அதற்கு யாராவது சிலை வைத்தார்களா?

ஊசி போட்ட நர்ஸம்மா ஒரு கேள்வி கேட்டார்: "கடிச்ச நாய் உயிரோட இருக்கா?"

"இருக்குங்க."

"பத்து நாள் கண்ணு வச்சுக்கோங்க. பத்து நாள் கழிச்சும் நல்லா இருந்தா வெறிநாய் இல்லைன்னு அர்த்தம். அதுக்காக ஊசியைத் தள்ளிப்போடாதீங்க."

எனக்குப் பகீர் என்றது. ரயில் சிநேகிதன் பேச்சைக் கேட்டு வடை வைத்திருந்தால் இந்தப் பத்து நாள் எதைப் பார்ப்பது? செத்த நாய்க்கு வெறி இருந்ததா, இல்லையா என்று தெரியாமல், பையன் தண்ணீர் குடிக்கிறபோதெல்லாம் மொத்தக் குடும்பமும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

இப்போது கதை வேறாகிவிட்டது. கடிபட்டது மனுஷக் குழந்தை. 291 பொருந்தும். 2024 மே மாசம் சென்னை ஆயிரம்விளக்குப் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயசுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறியபோது, போலீஸ் நாய்க்காரரைக் கைது செய்ததே, அப்போது போட்ட பிரிவுகளில் பழைய 289 உண்டு.

மறுநாள் ரயிலில் ஹெட் கிளார்க் ஃபுல் ஸ்கேப் பேப்பரோடு வந்தார். அவர் பையில் இன்னொரு அஸ்திரமும் இருந்தது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133. ஆபத்தான மிருகத்தை அடைத்து வை, அப்புறப்படுத்து என்று அதை வைத்திருப்பவருக்கு உத்தரவு போட ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டுக்கு, அதிகாரம் இருக்கிறது. எங்களுக்குத் திண்டிவனம் சப் கலெக்டர் ஆபீஸ். கோர்ட்டுக்குப் போகவேண்டாம். ஒரு மனு, டாக்டர் சான்றிதழ், ஆஸ்பத்திரிச் சீட்டு, போட்டோ, அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்து. அது நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கவே இருக்கிறது. நஷ்ட ஈட்டுக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் செலவில்லாமல் சமரசம் பேசலாம்.

"எல்லாம் சரி ஸார். அவர் 'என் நாயே இல்லை'ன்னா?"

ஹெட் கிளார்க் சிரித்தார். "அதுக்குத்தான் உன்னை ஒரு வாரம் போட்டோ எடுக்கச் சொன்னேன்."

எடுத்திருந்தேன். டைகர் அவர் திண்ணையில் படுத்திருப்பது, அவர் தட்டில் சாப்பிடுவது, அவர் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுவது. சென்னை மாநகராட்சியில் 2025-லிருந்து வளர்ப்பு நாய்க்கு உரிமம், மைக்ரோ சிப் என்று கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு அந்தச் சிப் வருகிற வரைக்கும் செல்போன் போட்டோதான் சிப்.

"ஆனா இதையெல்லாம் மொதல்ல நீட்டாதே. ஊர்ல உக்காந்து ஒரு தடவை பேசு. ஒரே ஒரு கேள்வி கேளு" என்று அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஊராட்சி ஆபீஸ் வேப்பமரத்தடி. தலைவர், வார்டு மெம்பர், நான், அம்மா. பெரியப்பா துண்டை உதறி உட்கார்ந்தார். காலடியில் டைகர்! மத்தியஸ்தத்துக்கே நாயைக் கூட்டி வந்துவிட்டு "என் நாய் இல்லை" என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நான் பவ்யமாகவே கேட்டேன். "பெரியப்பா, மூணும் உங்க நாய் இல்லை, தெரு நாய்னு சொன்னீங்க. நானும் ஒத்துக்கறேன். அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. தெரு நாய் கடிச்சா கவர்மென்ட் ஆட்டுக்கு இழப்பீடு தருதாம், எழுதிப் போடறேன். பஞ்சாயத்துல சொல்லி வண்டி வரவழைச்சு மூணையும் பிடிச்சுட்டுப் போகச் சொல்றேன். உங்களுக்கு ஒரு செலவும் இல்லை."

பேப்பரையும் பேனாவையும் நீட்டினேன்.

(பிடித்துப் போனாலும் ஊசி போட்டுத் திரும்ப இங்கேயேதான் விடுவார்கள் என்கிற சமாசாரத்தை நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.)

பெரியப்பா பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். பேப்பரைப் பார்த்தார். டைகர் என்ன நினைத்ததோ, எழுந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது. மரியாதை ராமன் கதையில் குழந்தையை இரண்டாக வெட்டச் சொன்னதும் ஒரு தாய் அலறுவாளே, அப்படி அலறவெல்லாம் இல்லை. மூடியைத் திரும்பப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க பெரியம்மா போனதுக்கப்புறம் ராத்திரில எங்கூடப் பேசறது இதுங்க மூணும்தாண்டா" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் மகன் சென்னையில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான், சில பொங்கலுக்கு வரமாட்டான். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் குட்டிகளின் கழுத்து எனக்கு மறக்கவில்லை. பையன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.

தலைவர் கணைத்துக்கொண்டார். "அப்ப உங்க நாய்தான்?"

"என் நாய்தான்."

ஒரு மணி நேரம் பேசியதில் நாலு விஷயம் முடிவானது. ராத்திரி மூன்றையும் சங்கிலியில் கட்டவேண்டும். கால்நடை ஆஸ்பத்திரியில் மூன்றுக்கும் தடுப்பூசி, கருத்தடைக்கும் ஏற்பாடு. குட்டிகளுக்கு அம்மா சொன்ன விலையில் பாதி இப்போது, பாதி மணிலா பிடுங்கினபிறகு. நான் என் பங்குக்குக் கொட்டாயைச் சரிசெய்ய வேண்டும். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்; திருடு கொடுத்தவனுக்குப் பூட்டுச் செலவா? ஆனால் ஏரிக்கரையில் சுற்றுகிற மற்ற நாய்களுக்கு இந்த ஒப்பந்தம் தெரியாதே.

கீற்றுத் தட்டியை எடுத்துவிட்டு சவுக்குக் கம்பம் நட்டுக் கம்பி வலை அடித்தேன். வலை ஆறடி, கீழே ஒரு அடியை மண்ணுக்குள் புதைத்து மேலே கல் அடுக்கினேன். நாய் தாண்டிக் குதிப்பதைவிடத் தோண்டி நுழைவதுதான் அதிகம். அமெரிக்காவில் ஆட்டு மந்தையோடு கழுதையை விடுகிறார்களாம். நாயைக் கண்டால் உதைக்குமாம். ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். "கழுதைக்குத் திண்டிவனத்துல எங்கேப்பா போவே? நம்ம செக்ஷன்ல வேணா பாரு" என்றார்.

பத்து நாளும் மணியை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தேன், அந்தப் பக்கமிருந்து பெரியப்பா பார்த்தார். தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது, "சாப்பிட்டுச்சு தம்பி, தண்ணி குடிச்சுது" என்று ரிப்போர்ட் கொடுப்பார். பதினோராம் நாள் மணி வழக்கம்போலப் போஸ்ட்மேனைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் குரைப்பைக் கேட்டு அக்கா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். பையன் 28-ஆம் நாள் ஊசியையும் போட்டுக்கொண்டான். தாய் ஆடு பிழைத்தது, ஒரு காம்பு மட்டும் போய்விட்டது. இப்போது மறுபடியும் சினை.

மனு எழுதின ஃபுல் ஸ்கேப் பேப்பர் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை.

ஒரே ஒரு தொந்தரவு. கட்டிப் போட்டுப் பழக்கமில்லாததால் டைகர் ராத்திரி பத்து மணிக்கு ஊளையிட ஆரம்பித்தால் விடியற்காலை நாலு வரை நிறுத்துவதில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிப் போகிறேன். போன வாரம் விழுப்புரத்தில் எழுப்ப ஆள் இல்லாமல் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டேன். இதற்கு எந்தப் பிரிவு என்று ஹெட் கிளார்க்கைக் கேட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.